டுகாட்டி பழைய ஒற்றைச் சிலிண்டர் பைக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டுகாட்டி என்றதும் இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது சிவப்பு நிற வி-ட்வின், அதாவது இரட்டைச் சிலிண்டர் வண்டி. ஆனால் 1970களின் தொடக்கம் வரை, இத்தாலியில் பொலோன்யா நகரத்து போர்கோ பனிகாலே தொழிற்சாலைக்குச் சோறு போட்டது ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள்தான். இன்று அவற்றில் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டியின் குறைகளில் பாதி, தொழிற்சாலை வைத்த குறைகள் அல்ல. இடையில் அதைப் பிரித்துப் பூட்டிய கைகள் வைத்தவை.

எந்தெந்த மாடல்களைப் பற்றிப் பேசுகிறோம்?

பெவல் கியரால் (சாய்வாக வெட்டிய பற்கள் கொண்ட பல்சக்கரம்) கேம்ஷாஃப்டை, அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டை, சுழற்றும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டும். இவற்றின் தாய் 1955-ல் வந்த 100 கிரான் ஸ்போர்ட். செல்லப் பெயர் மரியானா. 1954-ல் டுகாட்டியில் சேர்ந்த ஃபாபியோ தாலியோனி வரைந்த எஞ்சின் அது, 98 சிசி. சாலை ஓட்டப் பந்தயமான மோட்டோ ஜிரோவுக்காகவே செய்தார்கள், அங்கே தன் பிரிவில் ஜெயிக்கவும் செய்தது. அதை வைத்து 1957-ல் பொதுமக்களுக்கு 175, அப்புறம் 200, 1961-ல் 250 என்று வளர்ந்தது. 1965-ல் 350, 1969-ல் 450. 1974-ல் இத்தாலியில் உற்பத்தி நின்றது.

இதே காலத்தில் டுகாட்டி செய்த சின்ன டூ ஸ்ட்ரோக்குகளும், தள்ளு தண்டு வைத்த 125 போன்றவையும் வேறு ஜாதி. அவற்றுக்கு இந்தப் பக்கம் உதவாது.

பெவல் கியர் என்று ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அந்தக் காலத்துச் சாதாரண பைக்குகளில் கேம் கீழே இருக்கும். நீளமான தள்ளு தண்டுகள் மேலே போய், வால்வை அழுத்தும் ராக்கரை இடிக்கும். நம்ம பழைய புல்லட்டில் இருப்பது அதுதான். வேகம் கூடினால் அந்தத் தண்டுகளின் எடையே எஞ்சினுக்குப் பாரம். தாலியோனி கேமைத் தலைக்கு மேலே ஏற்றினார். பிஸ்டன் சுழற்றும் கிராங்கிலிருந்து அங்கே சுழற்சியைக் கொண்டுபோக, சிலிண்டரின் வலது பக்கத்தில் ஒரு செங்குத்துத் தண்டு. அதன் அடியில் ஒரு ஜோடி பெவல் கியர், உச்சியில் இன்னொரு ஜோடி. எஞ்சினின் வலது பக்கத்தில் தெரியும் அந்தப் பளபளக்கும் குழாய்க்குள் இருப்பது அந்தத் தண்டுதான்.

பலன்? 250-ன் சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., வீச்சு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வெறும் 57.8 மி.மீ. வீச்சு குறைவு, மேலே கேம், இரண்டும் சேர்ந்து எஞ்சின் தயங்காமல் சுற்றும். 1964-ல் வந்த மாக் 1 என்ற 250-க்கு 8,500 சுற்றில் சுமார் 28 குதிரைத்திறன். பெட்ரோல், ஆயில் இல்லாத எடை 116 கிலோ. மணிக்கு 170 கி.மீ. போகும் என்று கம்பெனி சொன்னது. 346 சிசி புல்லட் 18 குதிரைத்திறன் தந்து கொண்டிருந்த காலம் அது. சங்கிலி நீண்டு தொய்யும் கவலையும் இங்கே இல்லை. ஒழுங்காகப் பூட்டிய பெவல் கியர்கள் பல வருஷம் அப்படியே கிடக்கும்.

ஒழுங்காகப் பூட்டுவது என்றால்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

இரண்டு பெவல் கியர்கள் எவ்வளவு ஆழமாகப் பற்றுகின்றன என்பதைத் தீர்மானிப்பது ஷிம் எனப்படும் மெல்லிய இரும்பு வளையங்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால் பற்கள் இறுகி ஊளையிடும், குறைந்தால் தளர்ந்து தடதடக்கும். பெவலோடு முடிந்தால் பரவாயில்லை. கிராங்க், கியர் பாக்ஸ் தண்டுகள், கேம்ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் பக்கவாட்டு அசைவை இதே ஷிம்தான் அளக்கிறது. தையல்காரர் ஆளுக்கு ஆள் அளவெடுத்துத் தைப்பது மாதிரி, தொழிற்சாலையில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனியாக அளந்து ஷிம் போட்டார்கள். ஒரு எஞ்சினின் ஷிம் இன்னொன்றுக்கு ஆகாது.

இப்போது நடந்ததை யோசித்துப் பாருங்கள். 1975-ல் இது வெறும் பழைய வண்டி, விலை அடிமட்டம். எஞ்சினில் சத்தம் வந்தால் ஏதோ ஒரு ஷெட்டில் பிரிப்பார்கள். ஷிம்மெல்லாம் ஒரே தட்டில் விழும். எது எங்கே இருந்தது என்று குறித்து வைக்க அங்கே யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. கிராங்க் கேஸுக்குப் புது பேரிங், புது கேஸ்கெட் போட்டு, பழைய ஷிம்மையே மாற்றி மாற்றித் திணித்துப் பூட்டிவிடுவார்கள். வண்டி ஓடும். பல் தேயத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். இப்படி ஒரு கை பட்ட எஞ்சினை, ஐம்பது வருஷம் கழித்துப் புதுப் பெயிண்ட் அடித்து உங்களுக்கு விற்கிறார்கள்.

தேய்ந்த பெவலை ஒற்றையாக மாற்ற முடியாது, ஜோடியாகத்தான் போட வேண்டும். கூலியும் பாகத்தின் விலைக்குச் சமமாக வரும், ஏனென்றால் பூட்டி, அளந்து, கழற்றி, ஷிம் மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். டுகாட்டி இந்த வரிசையையே நிறுத்தியதற்கு ஒரு காரணமும் இதுதான். இவ்வளவு கைவேலை போட்டுச் செய்த 250-ஐ மலிவான ஜப்பான் வண்டிகளோடு போட்டி போட்டு விற்க முடியவில்லை.

நேரோ கேஸ், வைட் கேஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

1968-க்கு முன்னால் வந்தவை நேரோ கேஸ், பின்னால் வந்தவை வைட் கேஸ். எஞ்சினின் பின்பக்கத்தை ஃபிரேமோடு பிணைக்கும் இடம் பின்னதில் அகலம், அதனால் அந்தப் பெயர். வைட் கேஸில் கிராங்க் கேஸ் பலமானது, ஆயில் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். 450 வைட் கேஸில்தான் கிடைக்கும், 350-ல் 1968-க்கு முன்னால் வந்த செப்ரிங் போன்றவை நேரோ கேஸ்.

அழகும் லேசும் நேரோ கேஸில். உழைப்பு வைட் கேஸில். ஓட்டுவதற்கு என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

250, 350, 450. எதை எடுக்கலாம்?

350. யோசிக்கவே வேண்டாம்.

250 இனிமையானது, ஆனால் உயிர் முழுக்க மேல் சுற்றில் இருக்கிறது. போக்குவரத்து நெரிசலில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 450 என்பது உண்மையில் 436 சிசி. கேஸுக்குள் இருந்த இடத்துக்கு வீச்சை 75 மி.மீ.க்கு மேல் கூட்ட முடியவில்லை, அதனால் விட்டத்தை 86 மி.மீ. வரை கூட்டிப் பார்த்தார்கள். இழுவை பிரமாதம். அதிர்வும் பிரமாதம். கிக் அடிப்பதும் லேசு இல்லை, இக்னிஷன் டைமிங் கொஞ்சம் முன்னே போயிருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். 350-ல் வீச்சு அதே 75 மி.மீ., விட்டம் 76 மி.மீ. கீழ்ச் சுற்றிலும் இழுக்கும், மேலேயும் சுற்றும், கையும் மரத்துப் போகாது.

டெஸ்மோ அவசியமா?

சாதாரண எஞ்சினில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் மூடும். வேகம் எல்லை மீறினால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மிதக்கும். டெஸ்மோவில் மூடுவதற்கும் தனி கேம், தனி ராக்கர். தாலியோனி இதை 1956-ல் 125 பந்தய வண்டியில் போட்டு, ஸ்வீடன் நாட்டு ஹெடெமோராவில் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார்கள். 1968-ல் மார்க் 3 டி என்ற பெயரில் சாலை வண்டிக்கும் வந்தது. ஸ்டார்ட் செய்யும்போது வால்வு நன்றாக உட்கார வேண்டும் என்பதற்காக, இந்த ஒற்றைச் சிலிண்டர் டெஸ்மோக்களிலும் மெல்லிய ஸ்பிரிங் உண்டு. டெஸ்மோ என்றால் ஸ்பிரிங்கே கிடையாது என்று அடித்துச் சொல்பவர் அந்தத் தலையைத் திறந்து பார்த்ததில்லை.

சாலையில் ஓட்டும் வேகத்துக்கு ஸ்பிரிங் வைத்த மார்க் 3 போதும். இரண்டுக்கும் நடுவே நீங்கள் உணரும் வித்தியாசம் சொற்பம், விலையில் இருக்கும் வித்தியாசம் பெரிது. டெஸ்மோவில் வால்வு இடைவெளியைத் திறக்கும் பக்கம், மூடும் பக்கம் என்று இரண்டாகப் பார்க்க வேண்டும். வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் அரை வளையங்கள் துளியூண்டு, கை நழுவினால் தரையில் தேடிக் கொண்டிருக்க வேண்டியதுதான். ஆசைக்கு வாங்குகிறீர்களா, தாராளமாக வாங்குங்கள். ஆசையும் ஒரு காரணம்தான்.

புல்லட் ஓட்டிய கைக்கு இது பழகுமா?

கால் பழகும். பழைய புல்லட் மாதிரியே வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிக்கர்தான் குழப்பும், அது இடது பக்கம் இருக்கிறது. பலர் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, இடது பக்கம் நின்றுகொண்டு வலது காலால் அடிக்கிறார்கள். மாக் 1-ல் கால் வைக்கும் கட்டை பின்தள்ளி இருப்பதால் கிக்கர் அதில் இடிக்கும், கட்டையை மடக்கிவிட்டு அடிக்க வேண்டும்.

ஓட்டும் விதம் முழுக்க வேறு. புல்லட் கீழ்ச் சுற்றில் நிதானமாக இழுப்பதற்குப் பிறந்தது. இதை அப்படி ஓட்டினால் விக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். சுற்ற விட வேண்டும்.

வளைவுகளில் எப்படி?

இந்த வண்டியை வாங்க உண்மையான காரணம் அதுதான். எடை குறைவு, டயர் ஒல்லி, எஞ்சினே ஃபிரேமின் ஒரு பகுதியாக நின்று கீழ்ப்பக்கத்தை இறுக்கிப் பிடிக்கிறது. பொலோன்யாவுக்குத் தெற்கே அப்பென்னைன் மலை ஏறும் ஃபூத்தா கணவாய்ச் சாலை மாதிரி வளைந்து வளைந்து போகும் வழியில், இரண்டு மடங்கு சக்தியுள்ள கனத்த வண்டிகளை இது தவிக்க விடும். மான் தீவின் டிடி பந்தயத்தில் தொழிற்சாலைத் தயாரிப்பு வண்டிகளுக்கான 250 பிரிவை 1969-லும் 1970-லும் ஜெயித்தது டுகாட்டி ஒற்றைச் சிலிண்டர்தான். அப்போது எதிரே நின்றவை இன்னும் சக்தி கூடிய ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகள்.

எஞ்சினில் வேறு எதெல்லாம் போகும்?

முதலில் பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று ஒன்றும் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். அதைத் தாண்டும் அழுக்கு, சுழலும் வேகத்தில் கிராங்குக்குள் இருக்கும் ஒரு குழியில் போய்ப் படியும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் குழி நிரம்பினால் ஆயில் போகும் வழியே அடைபடும், ரோலர் பேரிங் வறண்டு போகும். எஞ்சினைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த அடைப்பானைக் கழற்றிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பிக் எண்ட் போனால் கேஸை இரண்டாகப் பிளந்து, கிராங்கைப் பிரஸ்ஸில் வைத்துப் பிரிக்க வேண்டும். செலவு கையைக் கடிக்கும்.

அடுத்து ராக்கர். கேமை உரசும் முகத்தில் குரோம் பூச்சு இருக்கும், அது செதிலாக உரிவது இந்த எஞ்சினின் பழைய வியாதி. உரிந்த செதில் ஆயிலோடு கலந்து எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வால்வு மூடியைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்.

ஆயிலை 1,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுங்கள். பிடிப்பதே இரண்டு, இரண்டரை லிட்டர்தான். எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் அதே ஆயில்.

ஆயில் கசிவு? அக்காலத்து இங்கிலாந்து வண்டிகளோடு ஒப்பிட்டால் இது சுத்த பத்தமானது. நிறுத்திய இடத்தில் வட்டமாகக் கறை விழுந்தால், யாரோ ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பிக் கேஸின் ஓரத்தைப் புண்ணாக்கி இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எலக்ட்ரிகல் மோசம் என்பது உண்மையா?

உண்மை. எஞ்சினுக்கு அவ்வளவு கவனம் கொடுத்தவர்கள் ஒயரிங்குக்கு மிச்சமிருந்த காசைக் கொடுத்த மாதிரி இருக்கும். 6 வோல்ட், மங்கலான ஹெட்லைட், பிளாட்டினம் பாயிண்ட். கடைசி வருஷங்களில் சில மாடல்களுக்கு எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. ஒயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவது இப்போது சகஜம், வண்டியின் மதிப்பும் பெரிதாகக் குறையாது. குரோம், பெயிண்ட் தரமும் அப்படியே, சுமார்தான்.

பிரேக் போதுமா?

இரண்டு பக்கமும் டிரம். வண்டி லேசு என்பதால் நன்றாகச் சரிசெய்து வைத்தால் போதும். 1974 டெஸ்மோவில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது.

நின்ற இடத்தில் எஞ்சின் அணைந்து போகிறதே?

மாக் 1 போன்ற வேக மாடல்களில் 29 மி.மீ. டெல்லோர்த்தோ எஸ்எஸ்1 கார்புரேட்டர் இருக்கும். பந்தயத்துக்கான சாமான் அது. ஐடிலிங் சரியாக நிற்காது, ஏர் ஃபில்டரும் கிடையாது. சிக்னலில் ஆக்சிலரேட்டரைச் சற்றே பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். பின்னால் வந்த சதுர ஸ்லைடு விஎச்பி கார்புரேட்டர் எவ்வளவோ மேல்.

டேங்க் ஃபைபரா இரும்பா என்று பார்க்கச் சொல்கிறார்களே?

1971 வாக்கில் வந்த வெள்ளி நிற டெஸ்மோவுக்கு, ரசிகர்கள் சில்வர் ஷாட்கன் என்று அழைப்பதற்கு, கண்ணாடி இழை டேங்க். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அந்தப் பழைய ரெசினைக் கரைத்துவிடும். கரைந்த பிசின் கார்புரேட்டரை அடைத்து, வால்வுத் தண்டிலும் ஒட்டும். உள்ளே பூச்சு பூசலாம், அல்லது அசல் டேங்கைப் பரணில் வைத்துவிட்டு இரும்பிலோ அலுமினியத்திலோ ஒரு நகல் செய்து ஓட்டலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. கேனில் எத்தனால் இல்லாத பெட்ரோலைச் சுமந்துகொண்டு யாரும் ஊர் சுற்ற முடியாது.

ஸ்கிராம்ப்ளர் என்ற பெயரில் இப்போதும் டுகாட்டி விற்கிறதே, அதற்கும் இதற்கும் உறவு உண்டா?

பெயர் உறவு. இப்போதையது இரட்டைச் சிலிண்டர். பழைய ஸ்கிராம்ப்ளர், அமெரிக்காவில் டுகாட்டியை இறக்குமதி செய்த பெர்லினர் சகோதரர்கள் கேட்டதால் 1960களின் தொடக்கத்தில் பிறந்தது. அகலமான ஹேண்டில் பார், சின்ன டேங்க். 1968-க்குப் பிறகு வந்த 250, 350, 450 ஸ்கிராம்ப்ளர்கள் இத்தாலியிலேயே சக்கைப் போடு போட்டன. அதனால் இன்று சந்தையில் அதிகம் கண்ணில் படுவதும் அவைதான். முதல் முறை வாங்குகிறவருக்கு 350 ஸ்கிராம்ப்ளரைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை.

மாக் 1 என்று ஒரு வண்டி நல்ல விலைக்கு வருகிறது. எடுக்கலாமா?

நல்ல விலை என்பதே சந்தேகத்துக்குக் காரணம். மொன்சா என்ற சாதாரண 250-க்குச் சிவப்பு டேங்க், பின்தள்ளிய கால் கட்டை, பெரிய கார்புரேட்டர் பொருத்தி மாக் 1 ஆக்குவது கஷ்டமே இல்லை. அசல் எஞ்சினில் எண்ணுக்கு முன்னால் டிஎம்250எம்1 என்று அடித்திருக்கும். எண் இருக்கும் பரப்பை அரம் போட்டுத் தேய்த்த அடையாளம் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். உள்ளே ஐந்து கியர் இருக்கிறதா என்று போட்டுப் பாருங்கள். டெஸ்மோ விஷயத்திலும் இதே கதை, டி என்ற எழுத்தைப் பக்கவாட்டுப் பெட்டியில் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இத்தாலியிலேயே வாங்கினால் ஆவணம்?

லிப்ரெட்டோ என்ற பதிவுப் புத்தகம் இருக்கும் வண்டியை வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் சரி. வரி கட்டாமல் விட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட வண்டிகள் அங்கே ஏராளம். அவற்றை மறுபடி சாலைக்குக் கொண்டுவர ஏஎஸ்ஐ (பழைய வாகனச் சங்கம்) அல்லது எஃப்எம்ஐ (மோட்டார் சைக்கிள் சம்மேளனம்) என்ற இத்தாலி அமைப்பிடம் வரலாற்று வாகனச் சான்றிதழ் வாங்க வேண்டும். நடக்கிற காரியம்தான், ஆனால் அலைச்சல்.

பாகங்கள் கிடைக்குமா?

வயதைப் பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்குக் கிடைக்கும். பிஸ்டன், கேஸ்கெட், கிளட்ச் தட்டு, ஒயரிங், பெவல் ஜோடி எல்லாம் புதிதாகச் செய்கிறார்கள். கஷ்டம் சின்னச் சாமான்களில்: அந்த வருஷத்துக்கே உரிய சைலன்ஸர், சுவிட்ச், வெள்ளை முக வெலியா மீட்டர். பாதி கழன்று பெட்டியில் கிடக்கும் வண்டியை மலிவு என்று தூக்கி வந்தால் இந்தச் சில்லறைச் சாமான்களே உங்களைக் காலி செய்துவிடும்.

பார்சிலோனாவில் மோட்டோட்ரான்ஸ் என்ற கம்பெனி உரிமம் பெற்று இதே குடும்பத்து வண்டிகளை 1980களின் தொடக்கம் வரை செய்தது. விலை குறைவு, தரமும் மோசமில்லை. ஆனால் இத்தாலிப் பாகம் எல்லாமே அதற்குப் பொருந்தும் என்று நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் வலது பக்கம் குனிந்து கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் வரவேண்டும், அது பெவல். சுற்றைக் கூட்டினால் அது ஊளையாக மாறுகிறதா, அல்லது கீழே கனமாக ஒரு தட்டல் கேட்கிறதா? இரண்டாவது என்றால் பிக் எண்ட். அப்புறம் எஞ்சினைக் கடைசியாகப் பிரித்தது யார், எப்போது என்று கேளுங்கள், பில் இருந்தால் வாங்கிப் பாருங்கள். ஷிம் என்ற சொல் அதில் எங்காவது இருந்தால் விலையில் அதிகம் பேரம் பேச வேண்டாம். எஞ்சினைத் திறந்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் அதுவும் நல்ல செய்திதான், கிராங்க் குழியைச் சுத்தம் செய்யும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

பல வருஷம் நின்ற வண்டியை வாங்கி வந்து உடனே கிக் அடிக்கலாமா?

கூடாது. பழைய ஆயிலை வடித்து, கம்பி வலையைக் கழுவி, புது ஆயில் ஊற்றுங்கள். வால்வு மூடிகளைத் திறந்து கேம் மீதும் ராக்கர் மீதும் ஆயில் விடுங்கள், மேலே ஆயில் ஏறி வர நேரமாகும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மேல் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், வலுக்கட்டாயமாகத் தள்ள வேண்டாம். வால்வு ஒட்டியிருக்கலாம். தடையில்லாமல் சுற்றினால் பாயிண்டைச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு, அதற்கப்புறம் அடியுங்கள்.